எட்டுக் கிலோவுக்குள் ஓர் உயிர்

அரிசிப் பையை வலது தோளில் சாய்த்துக்கொண்டு ஹிசானோ அத்தை மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். மணி காலை ஆறரை. கீழே போய்த் தபால்பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு அதே பையோடு நாற்பத்தெட்டுப் படியும் ஏறித் திரும்ப வருவார். அந்த அரிசி யார் வீட்டுக்கும் போகவில்லை, உலைக்கும் போகவில்லை. பிப்ரவரியில் மூன்று கிலோவோடு தொடங்கியது. திங்கட்கிழமைதோறும் ஒரு குவளை அரிசியை அள்ளிப் பையில் சேர்த்துச் சேர்த்து, மே மாதக் கடைசியில் எட்டுக் கிலோ வந்துவிட்டது.

இரண்டாவது மாடி ஒரிதோ அம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டுவார். "என்னம்மா, இன்னைக்கும் அரிசியை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமா. இது குரைக்காது, படியில ஒண்ணுக்கும் போகாது. சங்கத்துக்கு ரொம்பப் புடிச்ச நாய் இதுதான்" என்பார் அத்தை, நிற்காமலே.

அமகாசாகி நகரில் லிஃப்ட் இல்லாத பழைய நான்கு மாடிக் கட்டடம் அது. குடியிருப்போர் சங்கத்தின் விதி கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது: வீட்டுக்கு ஒரு நாய், எட்டுக் கிலோவுக்கு மேல் கூடாது, படிக்கட்டிலும் நடைவழியிலும் அதன் கால் தரையில் படக்கூடாது. நாய் வளர்ப்பவர் வாசல் முதல் தெரு வரை அதைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அத்தைக்கு எழுபத்தாறு வயது, தனி ஆள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாய் வளர்க்கப்போகிறேன் என்று அவர் புத்தாண்டன்று அறிவித்தபோது எங்கள் குடும்பமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் எழுந்து போய் அரிசி டப்பாவைத் திறந்தார்.

அவர் என் மனைவி மதோகாவின் பெரியம்மா. இந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வந்து இருபத்தாறு வருடத்தில் அவரோடு நான் சண்டை போட்டதில்லை. பயம்தான் காரணம், மரியாதை எல்லாம் அப்புறம். நாற்பத்தோரு வருடம் அரிசிக் கடையில் மூட்டை தூக்கியவர். முப்பது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி, வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் டப்பாவில் கொட்டிவிட்டு இறங்கியிருப்பார். வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் கீழே இருக்கும். நேராகத்தான் நிற்பார், யாரையோ முட்டப்போகிறவர் போலத் தோன்றும். இடது கைதான் பாவம். ஐந்து வருடத்துக்கு முன் மூட்டு இறுகிப்போய், இடுப்பு உயரத்தைத் தாண்டி எதையும் தாங்கமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

எதைப் பார்த்தாலும் தூக்கி எடை சொல்வது அவர் வழக்கம். முலாம்பழம், டெலிபோன் டைரக்டரி, பக்கத்து வீட்டுப் பூனை எதுவும் தப்பாது. "தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கி ஒரு அசைப்பு அசைத்துவிட்டு, "மூணு கிலோ இருநூறு" என்றார். மூவாயிரத்து இருநூற்றுப் பத்து என்றாள் நர்ஸ். "அந்தத் தராசைக் கொஞ்சம் பாருங்க, பத்து கிராம் கூடக் காட்டுது" என்று அத்தை சொன்னதும் நர்ஸ் நிஜமாகவே திரும்பித் தராசைப் பார்த்தாள்.

அவர் வீட்டில் ஒரு ஏ.சி. இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் நாங்கள் மாட்டிக் கொடுத்தது. அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து மூடிவைத்திருக்கிறார். வயதானவர்கள் வெயிலில் செத்துப்போகிறார்கள் என்று மதோகா ஒவ்வொரு ஆகஸ்டிலும் போன் செய்து அழுவாள். "நான் என்ன ஐஸ்கிரீமா, உருகிப் போக?" என்று கேட்டு போனை வைத்துவிடுவார்.

இவ்வளவு பிடிவாதக்காரருக்கு எதற்கு நாய் என்று நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். வாற்கோதுமைத் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, வெளிய போயிட்டு வீட்டுக்குள்ள நுழையுறப்போ நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நான் வந்துட்டேன்னு சொல்லுவேன்."

"மதோகா என்ன சொல்லுவா?"

"வாங்கன்னு சொல்லுவா. கோவமா இருந்தா சொல்லமாட்டா."

"கோவத்துல சொல்லாம இருக்கவாவது உங்களுக்கு ஒரு ஆள் இருக்கு. நான் நாப்பத்தஞ்சு வருஷமா தினம் செருப்பைக் கழட்டுறப்போ வந்துட்டேன்னு சொல்றேன். யார்கிட்ட சொல்றேன்? ஃபிரிட்ஜ்கிட்ட. கடையில இருந்தவரைக்கும் தெரியல, உடம்பு அசந்துபோய் வருவேன், படுப்பேன். இப்பத்தான் காதுல விழுது. எனக்குப் பதில் வேணும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, நான் குடித்து முடித்தேனா என்றுகூடப் பார்க்காமல் கழுவப் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

மதோகா கெட்டவள் இல்லை. பெரியம்மா படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் என்ன ஆவது என்பதுதான் அவள் கவலை, அதில் நியாயமும் உண்டு. முதலில் பேட்டரியில் ஓடும் பொம்மை நாயொன்றை அனுப்பினாள். தடவினால் வாலாட்டும், பெயர் சொன்னால் முனகும். அத்தை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: "இதைத் தூக்கிப் பார்த்தேன். அறுநூறு கிராம். உயிர் இதைவிடக் கனமாக இருக்கும்."

சரி, வளர்ப்பதுதான் என்றால் குட்டி நாயாக, லேசான நாயாக இருக்கட்டும் என்று மதோகா அட்டவணை போட்டாள். எந்த இனம் எத்தனை கிலோ, எவ்வளவு குரைக்கும், முடி கொட்டுமா, எவ்வளவு நடக்கவேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதி, சிவாவாவுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். மூவரும் நாய்க் கடைக்குப் போனோம். கடைப்பெண் ஒரு சிவாவாக் குட்டியை அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். அது நடுங்கியது.

"எழுநூறு கிராம்" என்றார் அத்தை. "வளந்தா?"

"ரெண்டு கிலோதான் வரும்மா. உங்களுக்குத் தூக்க ரொம்ப சுலபம்."

"தூக்கச் சுலபம்தான். மிதிக்கவும் சுலபம். கண்ணாடி போடாம ராத்திரி பாத்ரூம் போவேன், இது காலுக்குக் கீழ வரும், நானும் போவேன், அதுவும் போகும். வேணாம்."

டாய் பூடிலுக்கு மாதாமாதம் முடி வெட்ட அழைத்துப் போகவேண்டும் என்றதும், "நானே வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வெட்டிக்கிறேன்" என்றார். பொமரேனியன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விடாமல் குரைத்தது. அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. நீள முதுகு டாக்ஸ்ஹண்டைப் பார்த்து மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். கட்டில், சோபா என்று ஏறி இறங்கினால் இதற்கு முதுகெலும்பு பிசகிவிடும் என்று கடைப்பெண் சொன்னாள். "ஐயோ பாவம், எங்க கடையில இருந்திருந்தா ஒரு நாள் தாங்கியிருக்காது" என்று நகர்ந்துவிட்டார். கடைசியில் கடைப்பெண் வயதைக் கேட்டாள். சொன்னதும் முகம் மாறியது. எழுபது தாண்டித் தனியாக இருப்பவர்களுக்கு விற்பதில்லை, கடையின் வழக்கம் அப்படி என்று இடுப்பை வளைத்து நாலு முறை மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிப்பு எதுக்கும்மா? பதினஞ்சு வருஷம் வாழுற நாயை எனக்கு வித்தா அது அனாதை ஆயிடும். அது எனக்கும் தெரியும்" என்றார் அத்தை. "நீ சொன்னது சரி. ஆனா அதுக்காக நான் நாய் இல்லாம இருக்கப்போறதில்ல."

வாசலுக்கு வந்ததும் மதோகாவின் அட்டவணையை வாங்கி, எல்லா இனங்களையும் விட்டுவிட்டு, ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். அதன் தலையில் எழுதினார்: வயசு.

கைவிடப்பட்ட நாய்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஹோரி என்ற பெண்மணியை அவரே தேடிப் பிடித்தார். அங்கேயும் முதல் பதில் முடியாது என்பதுதான். இவர் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போய்க் கூண்டு கழுவினார். இரண்டு மாதம் கழித்து ஹோரி இறங்கி வந்தார். ஒன்பது வயதுப் பக் இன நாய் ஒன்று இருந்தது. அதை வளர்த்த கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். பெயர் ஷச்சோ, அதாவது முதலாளி. சுருங்கிய கறுப்பு முகம், தொங்கும் வயிறு, பத்து நிமிடம் நடந்தால் போதும் என்று உட்கார்ந்துவிடும் சுபாவம். குரைப்பது கிடையாது, குறட்டை மட்டும் உண்டு. சப்பை மூக்கு என்பதால் வெயில் ஆகாது.

"எனக்கு மேட்சான மாப்பிள்ளை" என்றார் அத்தை.

ஹோரி நிபந்தனை சொன்னார். வீட்டில் ஏ.சி. ஓடவேண்டும். கட்டடச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாயை ஏற்றுக்கொள்வேன் என்று சொந்தக்காரர் ஒருவர் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தித் தரவேண்டும். மதோகா முத்திரையைக் கைப்பையில் கொண்டுதான் வந்திருந்தாள். மனசு இளகியிருந்தது என்றே நினைக்கிறேன். ஹோரி நாயைத் தூக்கி, குழந்தையைக் கொடுப்பதுபோல அத்தையின் இரண்டு கைகளிலும் கொடுத்தார். எல்லோரும் நாயைத் தூக்குவது அப்படித்தானே. அத்தையும் அப்படியே வாங்கினார். ஒரு நொடி, இரண்டு நொடி. இடது கை வழுக்கென்று விட்டது. நாய் சரிந்தது. நான் பாய்ந்து பிடித்திராவிட்டால் சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கும்.

மதோகா முத்திரை டப்பாவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது ரயில் பெட்டியில் ஹிசானோ அத்தை தன் வலது தோளையே தடவிக்கொண்டு வந்தார். அமகாசாகி நிலையத்தில் இறங்கியதும் நடைமேடை நடுவே நின்றுவிட்டார்.

"மதோகா, நான் இத்தனை மாசமா அரிசியை எதுல தூக்குறேன்?"

"தோள்ல, பெரியம்மா."

"அப்புறம் ஏன்டி அந்த நாயைக் கையில வாங்கினேன்? எல்லாரும் செய்யுற மாதிரி செஞ்சேன். வெட்கப்பட்டுக்கிட்டுச் செஞ்சேன். அதான் தப்பு. கை தப்பில்ல."

"பெரியம்மா, அது அரிசி இல்ல, உசிரு. நெளியும். ஒருநாள் நீங்க படியில உருண்டா நான் என்ன பண்ணுவேன்? சொல்லுங்க!"

"உருண்டா வந்து பொறுக்கி எடு. அதுக்கு முன்னாடியே என்னைப் பொட்டியில வெக்காத!"

சங்கத் தலைவர் குவாபாரா இன்னொரு முட்டுக்கட்டை. வார்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பார். நான்காவது மாடியில் ஒரு டாய் பூடில் வளர்க்கிறார். அத்தையின் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "வயசானவங்க கொஞ்ச நாள் தூக்குவாங்க. அப்புறம் இன்னைக்கு ஒரு நாள் மட்டும்னு படியில இறக்கி விட்ருவாங்க. தூக்கிட்டு இறங்கி ஏறிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். அவமானப்படுத்தத்தான் சொன்னார். அத்தையோ, "ஞாயித்துக்கிழமை பத்து மணி. லேட்டா வராதீங்க" என்று அவருக்கே நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார்.

அத்தை விடாமல் போன் செய்து கேட்டதில், வியாழக்கிழமை ஹோரி வீட்டைப் பார்க்க வந்தார். நாங்களும் போயிருந்தோம். அத்தை நாற்காலி போட்டு ஏறி, பூப்போட்ட உறையைக் கழற்றி, ஏ.சி.யைப் போட்டார். நான்கு வருடத்தில் அது முதல்முறையாக மூச்சுவிட்டது. மதோகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு வருஷமாக் கெஞ்சுறேன், எங்களுக்காக ஒரு தடவை போட்டீங்களா?"

"உனக்கென்ன சப்பை மூக்கா?" என்றார் அத்தை. ஹோரி சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தபால்பெட்டிகள் அருகே பாதிக் கட்டடம் நின்றது. ஒரிதோ அம்மாள் மடக்கு நாற்காலியே கொண்டுவந்திருந்தார். குவாபாரா தன் பூடிலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு முன்வரிசையில் நின்றார். ஹோரி முதலாளியைக் கூண்டிலிருந்து இறக்கினார். அத்தை கால்களை அகட்டி, முழங்காலை மடக்கிக் குனிந்தார். வலது கையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, "ஹா" என்று ஒரு மூச்சுவிட்டு, ஒரே வீச்சில் தோளில் போட்டார். பின்னங்கால்கள் மார்பில், முகம் முதுகுப்பக்கம். நாய் ஒரு தடவை நெளிந்தது. பிறகு வேறு வழியில்லை என்று நினைத்ததோ என்னவோ, தாடையை அவர் முதுகில் வைத்துக்கொண்டது.

"ஏழு எண்ணூறு" என்றார்.

"போன வாரம் ஏழு எழுநூத்தம்பது" என்றார் ஹோரி.

"காலையில சாப்பிட்டிருப்பான்."

ஏறினார். அவசரமே இல்லை. மூன்றாவது மாடி வரை போய், திரும்பி இறங்கினார். வளைவில் அவர் தலை தெரிந்தபோது நாயின் குறட்டையும் சேர்ந்து கேட்டது. தூங்கிவிட்டது! ஒரிதோ அம்மாள் கைதட்டினார். குவாபாரா தொண்டையைச் செருமினார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நாயைத் தூக்குற முறைன்னு ஒண்ணு இருக்கு. இப்படி மூட்டை மாதிரி... பாக்க ஒரு மாதிரியா இருக்கே. கையில ஏந்திக்கணும், என்னை மாதிரி."

அத்தை கடைசிப் படியில் நின்றார். நாய் தோளில்தான் இருந்தது.

"தலைவரே, விதியில நாயோட கால் தரையில படக்கூடாதுன்னு இருக்கு. பட்டுச்சா?"

"படலை."

"சரி, என்னைப் பாருங்க. வலது கை நாய் மேல. இடது கை எங்க இருக்கு?"

எல்லோரும் பார்த்தோம். இடுப்புக்கு மேல் எதையும் தாங்காத அந்த இடது கை, இடுப்பு உயரத்தில் ஓடும் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

"நீங்க ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு இறங்குறீங்களே, கம்பியை எதால புடிப்பீங்க, பல்லாலயா? போன மழைக்காலத்துல ஏழாவது படியில உருண்டது நானா, நீங்களா?"

கட்டடமே சிரித்தது. குவாபாராவின் பூடில்கூடக் குரைத்தது. அவர் காதுவரை சிவந்துபோய், "சரி சரி, சம்மதம், சம்மதம்" என்றார். அத்தை அதைக் கேட்க நிற்கவில்லை. திரும்பி ஏறத் தொடங்கியிருந்தார். ஏறிக்கொண்டே, "நாப்பத்தோரு வருஷம் முதலாளிக்காக மூட்டை தூக்கினேன். இப்ப முதலாளியவே தூக்குறேன். எவன் கேக்குறான் பாப்போம்" என்றது படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

மதோகா அந்த இடது கையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கம்பியைப் பிடித்து, விட்டு, அடுத்த பிடி பிடித்து அது மேலே போவதைப் பார்த்துக்கொண்டே நாங்களும் பின்னால் ஏறினோம். மூன்றாவது மாடிக்கு வந்ததும் அவள் ஹோரியிடம் படிவத்தை வாங்கிச் சுவரில் வைத்து, முத்திரையை எடுத்து, வேண்டியதைவிடப் பலமாகக் குத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பெரியம்மா, உங்களுக்கு அப்புறம் இந்தக் கிழட்டு நாயை நான்தான் கட்டி அழணும்" என்றாள்.

"நீ அழுவியோ, நான் அதுக்கு அழுவேனோ, யார் கண்டா? பேசாம இரு" என்றார் அத்தை.

கதவைத் திறந்து, நாயைத் தோளிலிருந்து இறக்கி, செருப்பு விடும் இடத்தைத் தாண்டி உள்ளே விட்டார். கழுத்து வாரைக் கழற்றினார். நாங்கள் நுழையப் போனோம். அவர் எங்களைத் தள்ளிக்கொண்டு தானும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டார்.

"என்ன பெரியம்மா, நாயை உள்ள வெச்சுச் சாத்திட்டீங்க?"

பேசாதே என்று கையைக் காட்டினார். சட்டையைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டார். தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டார். பிறகு கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் வந்துட்டேன்" என்றார்.

உள்ளேயிருந்து மூச்சிரைப்பும் நகங்கள் தரையில் உராயும் சத்தமும் வாசலை நோக்கி வந்தன.